அம்மாவுக்கு மின் சக்கர நாற்காலி: முதலில் டேப், பிறகு மோட்டார்

நான் வாட்ஸ், பேட்டரி, எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு எக்ஸெல்லில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "பாத்ரூமுக்கு நானே போய்க்கலாமாடா?"

டேப்பை எடுத்தேன். பாத்ரூம் கதவைத் திறந்தால் 28 அங்குலம். நாற்காலி 24, நுழையும். ஆனால் வெளியே நடை 4 அடிதான். பின்சக்கரத்தில் மோட்டார் உள்ளவை அதில் திரும்பத் திணறும். நடுச்சக்கர வகை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே திரும்பும். என்ன, உயரமான நிலைப்படியில் சிக்கிக்கொள்ளலாம். வாசலில் 6 அங்குலப் படி. 1:12 கணக்கில் 6 அடிச் சாய்தளம் வேண்டும். கைவைப்பு மேலே மடங்கினால்தான் பக்கவாட்டில் நகர்ந்து இறங்க முடியும். ஜாய்ஸ்டிக், வலுவுள்ள கைப்பக்கம்.

கடைக்குப் போகுமுன் வீட்டை அளந்துவிடுங்கள். அம்மா இப்போதெல்லாம் ராத்திரி என்னை எழுப்புவதில்லை.