புனிதப் பொறாமை

ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமுக்கு அருகே 1985ஆம் ஆண்டு மோர்மன் சபையினர் ஆலயம் ஒன்றை எழுப்பியபோது எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. கிறிஸ்தவத் திருச்சபைகள் பலவும் மோர்மன்களைத் தம்மவராக ஏற்பதில்லை. அப்போது அந்நகரின் லூத்தரன் பேராயராக இருந்தவர் கிறிஸ்டர் ஸ்டெண்டால். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இறையியல் கல்லூரிக்கு 1968 முதல் 1979 வரை முதல்வராக இருந்தவர். பவுலின் நிருபங்களை ஆழ்ந்து ஆராய்ந்த அறிஞர். எதிர்ப்போடு சேர்ந்துகொள்வார் என்று எதிர்பார்க்கப்பட்ட அவர், செய்தியாளர்களிடம் மூன்று விதிகளைச் சொன்னார். பிற சமயத்தை அறிய வேண்டுமாயின் அதன் பகைவரிடம் கேளாதீர்கள், அதைப் பின்பற்றுவோரிடம் கேளுங்கள். உங்களிடமுள்ள சிறந்ததை அவர்களிடமுள்ள இழிந்ததோடு ஒப்பிடாதீர்கள். புனிதமான பொறாமைக்கு உள்ளத்தில் சற்று இடம் விட்டு வையுங்கள்.

இந்த மூன்றாவது விதியைத் தலைப்பாகக் கொண்டு 2019இல் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் பார்பரா பிரவுன் டெய்லர் என்னும் அமெரிக்க எபிஸ்கோபல் சபைப் போதகர். ஜார்ஜியா மாநிலத்தில் தேவாலயப் பணியை விட்டு விலகிய பின், அங்குள்ள சிறிய கல்லூரியொன்றில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உலகச் சமயங்கள் குறித்துப் பாடம் நடத்தியவர். பாடப் புத்தகத்தோடு நில்லாமல் மாணவர்களை அட்லாண்டா நகரின் இந்துக் கோயிலுக்கும், பௌத்த மடத்துக்கும், யூத ஆலயத்துக்கும், பள்ளிவாசலுக்கும் அழைத்துச் சென்றார். கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து வந்த சில மாணவர்களுக்கு அவ்வாசல்களைக் கடப்பதே அச்சமாயிருந்தது. ஆசிரியருக்கோ வேறொரு சிக்கல். முஸ்லிம்களின் தொழுகை வாழ்வும், யூதர்கள் வேதத்தோடு வாதிடும் மரபும் அவரை ஏங்க வைத்தன. பிறர் வீட்டில் விருப்பமானதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்ளும் ஆசை இது என்று அவரே தம்மைக் கண்டித்துக்கொள்கிறார். நூலில் நமக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஏக்கம் அவரை மதம் மாற்றவில்லை. தம் சமயத்தில் தாம் எதைக் கைவிட்டோம் என்று தேடவே வைத்தது.

பொறாமைக்குப் ‘புனிதம்’ என்ற அடைமொழி நம் செவிக்கு நெருடலாம். ஆனால் இந்த வேறுபாடு நம் மார்க்க அறிஞர்களுக்குப் புதிதன்று. பிறருக்குக் கிடைத்த அருள் அவரை விட்டு நீங்க வேண்டும் என விரும்புவது ஹஸத். அது அவரிடமே இருக்க, அதுபோன்றது தனக்கும் கிடைக்க வேண்டும் என விரும்புவது கிப்தா. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் முன்னதை உள்ளத்தின் நோயாகவும், பின்னதை விலக்கப்படாததாகவும் பிரித்துக் காட்டுகிறார்கள். இருவர் விஷயத்திலன்றிப் பொறாமை கூடாது என்ற பொருளில் புகாரி, முஸ்லிம் நூல்களில் வரும் நபிமொழிக்கும் அறிஞர்கள் கிப்தா என்றே விளக்கம் தந்துள்ளனர்.

அந்நபிமொழி குறிப்பிடும் இருவரும் நம்மவர்தாமே, பிற சமயத்தாரின் வழிபாட்டைக் கண்டு கிப்தா கொள்ளலாமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான வினா. திருக்குர்ஆன் 57:27ஆம் வசனத்தை இங்கு நோக்க வேண்டும். ஈஸா (அலை) அவர்களைப் பின்பற்றியோரின் உள்ளங்களில் இரக்கத்தையும் கருணையையும் வைத்ததாகக் கூறும் அதே வசனம், துறவு அவர்களாக உண்டாக்கிக்கொண்டது என்றும் கண்டிக்கிறது. கண்டனம் பாராட்டை அழிக்கவில்லை. தொழுநோயாளரிடையே வாழ்நாளைக் கழிக்கும் ஒரு கன்னியாஸ்திரீயின் பொறுமையைக் கண்டு ஏங்குவதற்கு அவருடைய கோட்பாட்டை நாம் ஏற்க வேண்டியதில்லை.

நமக்குக் கசப்பானது இரண்டாம் விதி. 1099இல் சிலுவைப் போர்வீரர்கள் ஜெரூசலத்தில் நடத்திய படுகொலையையும், 1187இல் அதே நகரை மீட்ட சலாஹுத்தீன் ஐயூபி காட்டிய பெருந்தன்மையையும் அருகருகே வைத்து முழங்காத மேடை நம்மிடம் அரிது. இரண்டும் வரலாறே. எனினும் நம் சிறந்த மனிதரை அவர்களின் இழிந்த நாளோடு நிறுத்துகிறோம் என்பதை உணர்வதில்லை. நம்மை அவ்வாறு ஒப்பிடும்போது மட்டும் வலிக்கிறது! முதல் விதியிலும் நாம் சறுக்குகிறோம். திரித்துவம் பற்றி நம் சிறுநூல்கள் பல, அதை நம்பும் ஒரு போதகரிடம் ஒருமுறையேனும் கேட்டு எழுதப்பட்டவையாகத் தெரியவில்லை. மூன்று கடவுளரை வணங்குவதாக எந்தப் போதகரும் ஒப்பமாட்டார். அவர் விளக்கத்தைத் தவ்ஹீத் ஏற்காது. ஆயினும் மறுப்பு அவர் சொன்னதற்கு அமைய வேண்டுமல்லவா?

அட்லாண்டா பள்ளிவாசலின் இமாம் அம்மாணவர்களிடம், நீங்கள் முஸ்லிமாக வேண்டுமென்பதல்ல, கிறிஸ்தவர் சிறந்த கிறிஸ்தவராகவும் யூதர் சிறந்த யூதராகவும் ஆக வேண்டுமென்பதே தம் விருப்பம் என்ற கருத்தில் பேசியதாக டெய்லர் எழுதுகிறார். நம் ஆலிம்கள் பலர் இதை அப்படியே சொல்லமாட்டார்கள். நாமும் தயங்குகிறோம். நேர்வழி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆசையை மறைத்துக்கொண்டு பேசுவது நேர்மையாகாது. ஆனால் விருந்தினராக வந்த இளைஞர் முன் அவ்வாசையை வற்புறுத்தாமலிருப்பது விருந்தோம்பலின் பண்பு.

செல்வதற்கும் எல்லை உண்டு. தங்கள் தேவாலயங்களில் உருவங்கள் இருப்பதால் நாங்கள் நுழைவதில்லை என உமர் (ரலி) அவர்கள் கூறியதையும், உருவங்கள் இல்லாத தேவாலயத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தொழுததையும் இமாம் புகாரி ஒரே தலைப்பின் கீழ் பதிந்துள்ளார்கள். பின்வந்த சட்ட அறிஞர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. பார்ப்பது வேறு, வழிபாட்டில் பங்கேற்பது வேறு என்பதில் மட்டும் ஐயமில்லை.

நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவத் தூதுக்குழு மதீனா வந்தபோது, அவர்கள் தொழும் நேரத்தில் மஸ்ஜிதுந் நபவியிலேயே கிழக்கு நோக்கித் தொழ நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இடமளித்ததாக இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார். ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய விவாதம் முடிவுக்கு வரவில்லை. முபாஹலாவுக்கு அழைக்கப்பட்டும் குழுவினர் அதற்கு இணங்கவில்லை. ஒப்பந்தம் செய்துகொண்டு, தம் சமயத்திலேயே நிலைத்துத் திரும்ப முற்பட்டனர். புறப்படுமுன் நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தங்களோடு அனுப்புமாறு கேட்டனர். அபூ உபைதா (ரலி) அவர்களை நபியவர்கள் அனுப்பி வைத்தார்கள்.