கற்பனைக் கால்பந்து லீக்கின் அட்டவணையைக் கணினி வழியே பெறுதல்

உதகையிலும் குன்னூரிலும் மழையால் மைதானம் சேறாகிவிட்ட நாள்களிலும் நம் இளைஞர் கால்பந்தாடுகின்றனர்; கைப்பேசியில் ஆடுகின்றனர். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வீரருள் 15 பேரைத் தெரிந்தெடுத்து, அவர்கள் மெய்யாகவே ஆடும் ஆட்டத்தைக் கொண்டு புள்ளி பெறுவதே அக்கற்பனை லீக். (காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கிவிட்டது. யான் கூறுவது கட்டணமில்லாதது.) ஒவ்வொரு சுற்றிலும் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பே அணியை முடிவு செய்துவிட வேண்டும். பிந்தினால் பழைய அணியே ஆடும். ஆதலின் அட்டவணை கையில் இருத்தல் இன்றியமையாதது.

அதனைப் பெறப் பைத்தான் மொழியில் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்னும் நிரல் நூலகம் உதவுகிறது. பிறர் எழுதிச் சோதித்து வைத்த நிரல்களின் தொகுப்பையே நூலகம் என்கிறோம். லீக்கின் கணினியை அதன் வாயிலாகக் கேட்டால், ஜேசான் என்னும் வடிவில் பட்டியல் வந்து சேரும். அதில் அணிகளின் பெயர் இராது, எண்களே இருக்கும். பெயர்கள் வேறொரு பட்டியலில் உள்ளன. வருகைப் பதிவேட்டின் வரிசை எண்ணைக் கொண்டு மதிப்பெண் ஏட்டைப் பார்ப்பதுபோல, இரண்டையும் இணைத்துக்கொள்ள வேண்டும்.

வந்தது முழுமையா என்று எங்ஙனம் அறிவது? அணிகள் 20. ஒவ்வொன்றும் மற்ற 19 அணிகளையும் தன் ஊரில் ஒருமுறை எதிர்கொள்ளும். ஆக 380 ஆட்டங்கள். ஒன்று குறைந்தாலும் மேலே செல்லாதீர்கள்.

நேரத்தில்தான் பலர் இடறுகின்றனர். பட்டியலில் இருப்பது இலண்டன் கடிகார நேரமன்று, உலகப் பொது நேரம். அதனுடன் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் நம் நேரம் எந்நாளும் பிழையாது. இலண்டன் நேரத்துடன் கூட்டினாலோ கதை வேறு. கோடையில் அங்குக் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பர். அங்குப் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் சனவரியில் நமக்கு இரவு 8.30, ஆகஸ்டிலோ 7.30. லீக் தொடங்குவதே ஆகஸ்டில் அன்றோ!

ஒத்திவைத்த ஆட்டத்துக்குச் சிலவேளை தேதியே இராது. மண்சரிவால் மேட்டுப்பாளையம் மலைரயில் நின்ற நாளில், மீண்டும் ஓடும் தேதியை நாமாகக் கற்பித்துக்கொள்வோமா? அவ்விடத்தில் ‘பின்னர்’ என்று அச்சிடும்படி நிரலுக்குச் சொல்லுங்கள்.

பெற்ற பட்டியலைக் கணினியிலேயே ஒரு கோப்பாகச் சேமித்துவையுங்கள். நாளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். நொடிக்கொருமுறை கேட்பது அக்கணினிக்கு வீண் சுமை. நம் எஸ்டேட்டுகளில் மழைக்கு இணையம் அறுந்துபோனாலும் அக்கோப்பு கையிலிருக்கும்.