ரெண்டு பைட்டு தள்ளிப்போனா ரவுட்டர் ஏன் திணறுது?

அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழிக்கு ஷேர் ஆட்டோ. வண்டிக்கு நாலு பேர்தான்னு வச்சுக்குவோம். ரெண்டு சீட்டு நிறைஞ்ச வண்டியில நாலு பேர் குடும்பம் ஏறினா? ரெண்டு பேர் இதுல, ரெண்டு பேர் அடுத்ததுல. குடும்பம் ஒண்ணு சேர ரெண்டு வண்டியும் வந்தாகணும்.

32-பிட் பிராசசரும் மெமரியை நாலு நாலு பைட்டாத்தான் படிக்கும். ஐபி முகவரி (வி4) சரியா நாலு பைட்டு. அது நாலால வகுபடுற இடத்துல ஆரம்பிச்சா ஒரே எட்டுல எடுத்துடலாம். இதுதான் அலைன்மென்ட்.

சிக்கல் ஹெட்டர்ல. ஈதர்நெட் ஹெட்டர் 14 பைட்டு. நாலால வகுத்தா மிச்சம் ரெண்டு. வைஃபைல க்யூஓஎஸ் ஹெட்டர் வழக்கமா 26, அதோட எல்எல்சி-ஸ்நாப் 8, ஆக 34. அங்கயும் மிச்சம் ரெண்டு.

லேப்டாப்ல இருக்கிற எக்ஸ்86 சிப் இதைத் தானே சமாளிச்சுக்கும். ஆனா விலை குறைஞ்ச ரவுட்டர்கள் பலதுல இருக்கிற மிப்ஸ் சிப்புல எக்ஸெப்ஷன் வரும். லினக்ஸ் கர்னல் குறுக்கே வந்து அந்த பைட்டுகளைத் துண்டு துண்டா எடுத்துக் கொடுக்கும். டேட்டா கெடாது, எரர் மெசேஜும் வராது. வேகம் மட்டும் படுத்துரும்.

ஈதர்நெட்டுக்குத் தீர்வு சுலபம்: முதல் ஆட்டோவுல ரெண்டு சீட்டைக் காலியா விடுங்க. 14-ம் 2-ம் 16. லினக்ஸ்ல ‘நெட் ஐபி அலைன்’னு இதுக்கே ஒரு அளவு உண்டு, வழக்கமா 2. ஆனா சில சிப்புகளோட டிஎம்ஏ, நாலால வகுபடுற இடத்துலதான் எழுதுவேன்னு அடம்பிடிக்கும்.

அத்தெராஸ் வைஃபை சிப்புகளுக்கான ஏடிஎச்9கே டிரைவரைப் பாருங்க. சிப்பே 26 பைட்டு ஹெட்டருக்கும் டேட்டாவுக்கும் நடுவுல 2 பைட்டு இடைவெளி விடுது. ஐபி பாக்கெட் 36-ல வந்து நிக்கும், கச்சிதம். அப்புறம் டிரைவர் அந்த இடைவெளியை மூடணும். ஆயிரத்துச் சொச்சம் பைட்டு டேட்டாவை இழுத்தா வேலையும் அதிகம், அலைன்மென்ட்டும் கெட்டுப்போகும். அதனால சின்ன ஹெட்டரை மட்டும் டேட்டா பக்கமா ரெண்டு பைட்டு நகர்த்துது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

எங்க கரிசக்காட்டுப் பக்கம் ஒரு ரவுட்டர் வாங்கினா வருஷக்கணக்கா ஓட்டுவோம். ‘பழசாயிடுச்சு’ன்னு தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஃபர்ம்வேரை அப்டேட் பண்ணிப் பாருங்க. மிப்ஸ் ரவுட்டர்ல ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடுதுன்னா, டீபக்எஃப்எஸ்-ல ‘மிப்ஸ்’ ஃபோல்டர்ல அலைன் ஆகாத கட்டளைகளோட எண்ணிக்கை இருக்கும். டவுன்லோடு ஓடும்போது அது விறுவிறுன்னு ஏறுதா? அப்போ நீங்க தேட வேண்டியது புது ரவுட்டர் இல்ல, நல்ல டிரைவர்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.