கல் பிடிக்காத கேத்தலும் கடல் ஏறும் ஆறும்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மட்டக்குளியிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியேறுகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்துவிடுவார்கள். சவர்க்காரம் போட்டால் நுரை பொங்குகிறது; எத்தனை வாளி ஊற்றினாலும் உடம்பில் வழுக்கல் போவதாயில்லை. ஊரில் புளி போட்டுத் தேய்த்தெடுத்த வெண்படிவு, இங்கே கேத்தலின் அடியில் வருடக்கணக்கானாலும் படிவதில்லை. "கொழும்புத் தண்ணி என்னமோ வழுவழுக்குது" என்று சந்தேகப்பட்டு, வன்மை நீக்கும் வடிகட்டிக்கு விலை கேட்கிறவர்களும் உண்டு. அந்தக் காசு வீண். மட்டக்குளியின் குழாய்நீரில் நீக்கும் அளவுக்கு வன்மை இல்லை. கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு.

நீரின் வன்மை என்பது அதில் கரைந்திருக்கும் கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்னமிலமாகி, சுண்ணக்கல்லை அரித்தபடி கிணற்றை வந்தடைகிறது. அதைக் கொதிக்கவைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேறும். கரைந்திருந்த கல்சியம் மறுபடி கல்லாகிக் கேத்தலில் ஒட்டும். சவர்க்காரத்தையும் இதே கல்சியம் பிடித்துக் கரையாத திரளாக்கிவிடுவதால்தான் நுரை வருவதில்லை. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614, 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி லீற்றருக்கு 250 மில்லிகிராம் வரை வன்மையை அனுமதிக்கிறது. குடாநாட்டுக் கிணறுகள் பல அதைத் தாண்டிவிடும். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் உடல்நலக் காரணம் காட்டி வன்மைக்கு எல்லை எதுவும் விதிக்கவில்லை.

மட்டக்குளிக்கு வரும் நீரின் பிறப்பிடம் முற்றிலும் வேறு. சிவனொளிபாத மலைத்தொடரிலும் மஸ்கெலியா, நோர்வூட் தேயிலை மலைகளிலும் பெய்யும் மழை மஸ்கெலி ஓயாவாகவும் கெஹெல்கமு ஓயாவாகவும் இறங்கிக் களனி கங்கையாகிறது. அந்த மலைகள் பழம்பெரும் பளிங்குருப் பாறைகளாலானவை. நீரில் எளிதில் கரையும் சுண்ணாம்பு அவற்றில் மிகக் குறைவு. மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரையும் தாண்டி மழை பெய்யும் இடங்கள் இருக்கின்றன. அவ்வளவு மழை, பாறையில் தங்கி எதையும் கரைக்க நேரமில்லாமல் ஓடிவருகிறது. அதனால் களனி நீரின் வன்மை லீற்றருக்குச் சில பத்து மில்லிகிராம்தான். தோட்டத்து லயத்தில் குடிக்கும் பிளேன்டீயும் மட்டக்குளியில் குடிக்கும் பிளேன்டீயும் ஒரே மலையின் நீரில் ஊறியவை.

இந்த மென்மைக்கு ஒரு விலை உண்டு. கரைத்துச் சுமக்க எதுவும் கிடைக்காமல் வந்த நீர், வழியில் அகப்படும் இரும்பையும் சீமெந்தையும் அரிக்கப் பார்க்கும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அம்பத்தலை சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரத்தால் கலங்கலைத் திரட்டி, மணலில் வடித்து, குளோரின் சேர்க்கிறார்கள். கூடவே சுண்ணாம்பும் சேர்ப்பது நீரின் இந்த அரிக்கும் குணத்தை அடக்கத்தான். இதில் கவனம் பிசகினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் பிளின்ற் நகரம் காட்டியது. 2014இல் அங்கே நீரின் மூலத்தை மாற்றியவர்கள் அரிப்பைத் தடுக்கும் இரசாயனத்தைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய குழாய்களின் ஈயம் பிள்ளைகளின் இரத்தத்தில் ஏறியது. கொழும்பு வடக்கின் தெருக்களுக்கடியில் நூற்றாண்டு வயதான வார்ப்பிரும்புக் குழாய்கள் ஓடின. அண்மைய ஆண்டுகளில் பல இடங்களில் அவற்றை மாற்றியிருக்கிறார்கள். தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் திறந்ததும் சில நிமிடம் காவி நிறத்தில் வருவது, உள்ளே படிந்திருந்த துரு திடீர் ஓட்டத்தில் கிளம்புவதால்தான்.

மட்டக்குளிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது உப்பின் கதை. 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி, காக்கைதீவுக்கும் முகத்துவாரத்துக்கும் பக்கத்தில் கடலில் சேர்கிறது. ஆறு வாசலோடு போனாலும் குடிக்கும் நீரை ஏறத்தாழ 14 கிலோமீற்றர் மேலே அம்பத்தலையில்தான் எடுக்கிறார்கள். கொழும்பும் சுற்றுப்புறமும் பெறும் குழாய்நீரில் பெரும்பங்கு இந்த ஆற்றினுடையது. பல்லாண்டு மணல் அகழ்வால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் அடித்தளம் கடல்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்து கிடக்கிறது. வரட்சியில் ஆற்றோட்டம் மெலியும்போது, கனமான கடல்நீர் நன்னீருக்கு அடியால் ஆப்புப்போல நுழைந்து மேலேறுகிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. மேலே ஓடுவது ஆற்றுநீர்தான்.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு இருக்கிறது. குடிநீருக்கு அனுமதி 250. ஆகவே எழுபத்தைந்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே எல்லை தாண்டிவிடும், நாக்கிலும் உவர் தட்டும். கடல்நீரின் வன்மை 6,000 மில்லிகிராமுக்கு மேல் என்பதால் அதே கலப்பு வன்மையையும் 80 மில்லிகிராம் அளவுக்கு உயர்த்தும். கொழும்பின் குழாய்நீரில் சவர்க்காரம் திடீரென நுரைக்க மறுத்தால், உப்பையும் ஒருமுறை சந்தேகிக்கலாம். இதைத் தடுக்க வரட்சிக் காலங்களில் அம்பத்தலைக்குக் கீழே ஆற்றுக்குக் குறுக்காக மணல்மூட்டைத் தடுப்பு கட்டினார்கள். மேலே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் நீரும் உப்பைக் கீழே தள்ளிவைக்கிறது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாகும் அளவுக்கு அது செறிவுகூடத்தான் செய்யும்.

ஆற்றுக்கு மேலும் ஆபத்து உண்டு. 2015 ஓகஸ்ட்டில் பியகமவில் ஒரு தொழிற்சாலையிலிருந்து டீசல் கசிந்து களனியில் கலந்தபோது நீர் எடுப்பதையே நிறுத்த நேர்ந்தது. ஒரே ஆற்றை இத்தனை பேர் நம்பியிருக்கும்போது அதன் கரையில் இவ்வளவு தொழிற்சாலைகளைக் குவித்தது பெரும் பிழை. அதை எந்த வடிகட்டியும் சரிசெய்யாது.

வீட்டு வாசலில் நடப்பது நம் கையில் இருக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்வரை கசிவு வழியாக நீர் வெளியேதான் போகும். அழுத்தம் விழுந்தால் அதே ஓட்டை மண்ணிலிருக்கும் கழிவுநீரை உள்ளே இழுக்கும். பிரதான குழாயில் நேரடியாக மோட்டர் பூட்டி உறிஞ்சுகிறவர்கள் தங்கள் தாங்கியை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பால்மாப் போத்தலையும் ஆபத்தில் தள்ளுகிறார்கள். இதை அயலவர் பொறுத்துப்போகக் கூடாது.

மொட்டைமாடித் தாங்கியும் நம் கையில்தான் இருக்கிறது. குழாயில் வரும்போது கிருமியைத் தடுக்க லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெயிலில் மூடியில்லாமல் நாள்கணக்கில் கிடக்கும் நீரில் அது மறைந்துவிடும். அடியில் பாசியும் சேறும் மிஞ்சும்.

வடிகட்டிக்கு ஒதுக்கிய காசில் தாங்கிக்கு இறுக்கமான மூடி வாங்குங்கள், ஆண்டுக்கு இரண்டு தடவையாவது கழுவுங்கள். வெட்டு முடிந்து வரும் காவித் தண்ணீரைத் தாங்கிக்குள் விடாமல் முதலில் ஓடவிடுங்கள். தெருவில் குழாய் கசிவதைக் கண்டால் வேறு யாராவது சொல்வார்கள் என்று கடந்துபோகாமல், நீர் வழங்கல் சபையின் 1939 என்ற இலக்கத்துக்கு அன்றைக்கே அழையுங்கள்.