பெயரிலேயே உப்பு

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், மேற்குக் கரையோரம் இருக்கிறது பங்காசினான் மாகாணம். அங்கே 'ஆசின்' என்றால் உப்பு. பங்காசினான் என்றால் உப்பு விளையும் இடம். பெயரிலேயே கடல் கரிக்கிறது!

உப்பும் மீனும் பக்கத்திலேயே கிடைத்தால் சும்மா இருப்பார்களா? அங்குள்ள லிங்காயென் நகரம் 'பகூங்' என்ற மீன் விழுதுக்குப் பேர்போனது. பொடி மீன்களை உப்போடு பிசறி, ஜாடியில் அடைத்து, மாதக்கணக்கில் ஊற விடுகிறார்கள். மீன் கரைந்து விழுதாகிவிடும். மேலே பழுப்பு நிறத்தில் தெளிந்து நிற்கும் சாற்றை இறுத்து எடுத்தால், அது 'பாத்திஸ்'. கத்தரிக்காய், பாகற்காய் போட்டுச் சமைக்கும் 'பினக்பெத்' கறிக்கு ருசியே இந்தப் பகூங்தான்.

பக்கத்து ஊர் தகூபான். அங்கே பால்கெண்டை பிரசித்தம், 'பங்கூஸ்' என்பார்கள். அருமையான மீன், ஆனால் முள் 200-க்கும் மேல். மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்து விரித்து, சிறு இடுக்கியால் முள் முள்ளாகப் பிடுங்கி எடுக்கிறார்கள். சதை கிழியக்கூடாது. விரல் நுனியில் கண் இருந்தால்தான் முடியும். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு கூலி கொடுத்தாலும் தகும்.

இந்த ஊர்கள் இருக்கும் லிங்காயென் வளைகுடாக் கரையில்தான், 1945 ஜனவரி 9 அன்று, ஜப்பானியரிடமிருந்து லூசோனை மீட்க ஜெனரல் மெக்கார்தர் தலைமையிலான அமெரிக்கப் படைகள் வந்து இறங்கின. படைகள் கால்வைத்த அந்த லிங்காயென்தான் இன்றும் பங்காசினானின் தலைநகரம்.