எந்தத் தாம்சன்?

மாணவ நண்பர்களே, உங்கள் இயற்பியல் நூல்களில் தாம்சன் என்ற பெயரை எத்தனை இடங்களில் பார்த்திருக்கிறீர்கள்? எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தவர் தாம்சன். நேர்மின்னூட்டம் பரவிய ஓர் உருண்டையில் எலெக்ட்ரான்கள் பதிந்திருப்பதாகச் சொன்ன அணு மாதிரியும் தாம்சனுடையது. மேல் வகுப்புக்குப் போனால் ஜூல்-தாம்சன் விளைவைப் படிப்பீர்கள். உயர்ந்த அழுத்தத்திலுள்ள வாயுவை நுண்துளைகள் நிறைந்த அடைப்பின் வழியே விரியவிட்டால், பெரும்பாலான வாயுக்கள் குளிர்கின்றன என்பது அது. (அறை வெப்பநிலையில் ஹைட்ரஜன், ஹீலியம் போன்ற சில முரண்டு பிடிக்கும், அவை சற்றே சூடேறும்.) போதாக்குறைக்கு வெப்ப மின்னியலில் ‘தாம்சன் விளைவு’ என்று வேறு ஒன்று உண்டு. இவை யாவும் ஒருவரே செய்தவையா?

இல்லை. முதல் இரண்டும் ஒருவருடையவை; பின் இரண்டும் வேறொருவருடையவை. தேர்வுத்தாளில் இவர்களை மாற்றி எழுதினால் போவது ஒன்றிரண்டு மதிப்பெண்களே. நூலகத்தில் மாற்றிப் புரிந்துகொண்டால் நட்டம் அதிகம். ஏன் என்பதைக் காண்போம்.

நம் வழக்கில் பெயருக்கு முன் நிற்கும் எழுத்து தந்தையின் பெயரைக் குறிக்கிறது. ஆங்கிலேயரின் வழக்கில் முன்னெழுத்துகள் அவரவரின் சொந்தப் பெயர்கள். இறுதியில் நிற்பதே குடும்பப் பெயர். ஆகவே நூலின் முதுகில் ‘தாம்சன்’ என்று மட்டும் கண்டு ஆளை முடிவு செய்வது, தெருப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வீடு தேடுவதற்கு ஒப்பாகும். தமிழில் படிப்போருக்கு மற்றுமொரு சங்கடம். ஆங்கிலத்தில் சில தாம்சன்கள் தம் பெயரின் நடுவே ‘பி’ என்ற எழுத்தைச் சேர்த்து எழுதுவர், சிலர் சேர்ப்பதில்லை. உச்சரிப்பில் அவ்வெழுத்து கேட்பதில்லை. தமிழிலோ எல்லாரும் ஒரே தாம்சன்தான்!

முதலில் வில்லியம் தாம்சன். 1824-இல் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். 22 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1848-இல் தனி வெப்பநிலை அளவையை முன்மொழிந்தார். ஜூலுடன் சேர்ந்து வாயுக்களைக் குளிர்வித்தவரும், தாம்சன் விளைவை அறிவித்தவரும் இவரே. 1892-இல் இவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் சிற்றாற்றின் பெயர் கெல்வின். அதையே பட்டப் பெயராக ஏற்று கெல்வின் பிரபு ஆனார். நீங்கள் 300 கெல்வின் என்று எழுதும்போதெல்லாம் ஓர் ஆற்றின் பெயரைத்தான் எழுதுகிறீர்கள்.

இங்கே சிக்கல் தலைகீழாகிறது: ஒரே மனிதர், இரண்டு பெயர்கள். டெய்ட் என்பவருடன் சேர்ந்து இவர் எழுதிய இயற்கைத் தத்துவ நூல் 1867-இல் வெளிவந்தது. (இயற்பியலுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் இயற்கைத் தத்துவம்.) அதன் அட்டையில் இவர் தாம்சன். 1904-இல் நூலாக வந்த ‘பால்டிமோர் சொற்பொழிவுகள்’ அட்டையில் இவர் கெல்வின். விவரம் அறியாத மாணவர் ஒருவரை இருவராக எண்ணிக்கொள்வார்.

கெல்வின் பிரபுவின் வாழ்க்கை வரலாறு 1910-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தது. எழுதியவர் யார் தெரியுமா? சில்வேனஸ் தாம்சன்! பெயரில் ‘பி’ எழுத்து உள்ள தாம்சன். அதே 1910-இல் இவர் சிறு நூல் ஒன்றையும் வெளியிட்டார்; நுண்கணிதம் என்றால் அஞ்சுபவர்களுக்காக எழுதிய ‘கால்குலஸ் மேட் ஈஸி’. அதன் முதற்பதிப்பில் ஆசிரியர் தம் பெயரையே போடவில்லை. பெரிய தொகுதிகளை இன்று வரலாற்று ஆய்வாளர்கள்தாம் தேடுகிறார்கள். பெயர் போடாத சிறு நூலோ நூறாண்டு கடந்தும் அச்சில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறவர்கள் தேடிப் படியுங்கள். நுண்கணிதத்தின் மீதுள்ள பயம் போய்விடும்.

வெப்பத்தைப் பற்றிப் படிக்கும்போது எதிர்ப்படும் மற்றொரு தாம்சனையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பீரங்கிக் குழலைக் குடையும்போது ஓயாமல் வெப்பம் பிறப்பதைக் கண்டு, வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கமே என்று 1798-இல் வாதிட்ட ரம்போர்டு பிரபுவின் இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். இவரும் ‘பி’ எழுத்துக்காரர்.

இனி எலெக்ட்ரானுக்கு வருவோம். ஜே. ஜே. தாம்சன் 1856-இல் மான்செஸ்டர் அருகே பிறந்தார். ஜோசப் ஜான் என்பது அவர் பெயர். தந்தையின் பெயர் ஜோசப் ஜேம்ஸ் தாம்சன். ஆக, முன்னெழுத்துகள் கூட இருவருக்கும் ஒன்றே! தந்தை பழைய புத்தகங்கள் விற்பவர். மகனைப் பொறியாளராக்க எண்ணியிருந்த அவர் 1873-இல் காலமாகவே, அத்திட்டம் கைவிடப்பட்டது. பையன் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றான். 1884-இல், 28 வயதில், காவண்டிஷ் ஆய்வகத்தின் தலைமைப் பேராசிரியரானார். 1897-இல் எதிர்மின்வாய்க் கதிர்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் விலக்கி, அவை மிக இலேசான துகள்களின் ஓட்டம் என்று நிறுவினார். அத்துகளின் நிறை, இன்றைய அளவீட்டின்படி, ஹைட்ரஜன் அணுவின் நிறையில் ஏறத்தாழ 1,837-இல் ஒரு பங்கு.

இவருடைய மகன் ஜார்ஜ் பேஜெட் தாம்சன், சுருக்கமாக ஜி. பி. தாம்சன், 1892-இல் பிறந்தார். தாய்வழிப் பாட்டனாரின் பெயர் ஜார்ஜ் பேஜெட். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன், அதாவது பேரன், என்பது நமக்குப் புதிதன்று அல்லவா?

1927-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் மகன் ஒரு சோதனை செய்தார். வெற்றிடக் குழாயில் விரைந்து வரும் எலெக்ட்ரான்களை மிக மெல்லிய படலத்தின் வழியே செலுத்தி, அப்பால் ஓர் ஒளிப்படத் தகட்டை வைத்தார். தகட்டில் மையப் புள்ளியைச் சுற்றி வட்ட வட்டமாக வளையங்கள் பதிந்தன. பின்னர் பொன், அலுமினியம் போன்ற உலோகப் படலங்களிலும் அவ்வாறே கண்டார். படிகத் தூளின் வழியே எக்ஸ் கதிர்கள் செல்லும்போது தோன்றும் விளிம்பு விளைவு வளையங்களைப் போன்றவை இவை. விளிம்பு விளைவு அலைகளுக்கே உரியது. அப்படியானால் எலெக்ட்ரான் அலையா?

டி பிராலி 1924-இல் தந்த வாய்பாட்டின்படி, துகளின் உந்தத்தால் பிளாங்க் மாறிலியை வகுத்தால் அதன் அலைநீளம் கிடைக்கும். 15,000 வோல்ட்டால் முடுக்கப்பட்ட எலெக்ட்ரானுக்கு இது சுமார் 0.1 ஆங்ஸ்ட்ராம், உலோகத்தில் அணுக்களுக்கிடையே உள்ள தொலைவு சில ஆங்ஸ்ட்ராம்கள். வளையங்கள் தோன்றுவதற்கு ஏற்ற அளவுதான். ஆனால் ஓர் ஐயம் எழலாம். எலெக்ட்ரான்கள் மோதும் இடத்தில் எக்ஸ் கதிர்கள் பிறக்கக்கூடும். வளையங்களை வரைந்தவை அவையாக இருந்தால்? இதைத் தீர்க்க மகன் கையாண்ட உபாயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. படலத்துக்கும் தகட்டுக்கும் இடையே காந்தப்புலத்தைச் செலுத்தினார். எக்ஸ் கதிர்கள் காந்தத்துக்கு அசையமாட்டா. வளையங்களோ இடம் பெயர்ந்தன! துகள் என்று காட்டத் தந்தை பயன்படுத்திய அதே காந்த விலக்கத்தை, வளையங்கள் எலெக்ட்ரான்களுடையவையே என்று காட்ட மகன் பயன்படுத்தினார்.

அமெரிக்காவில் நிக்கல் படிகத்தைக் கொண்டு இதே முடிவுக்கு வந்த டேவிசனுடன், ஜி. பி. தாம்சன் 1937-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். துகள் என்று சொல்லித் தந்தை பரிசு பெற்றார், அலை என்று சொல்லி மகன் பரிசு பெற்றார் எனப் பலரும் எழுதுவதுண்டு. இதில் பாதிதான் சரி. 1906-இல் தந்தைக்குப் பரிசு அளிக்கப்பட்டது, வாயுக்களின் வழியே மின்சாரம் பாய்வதைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக. தந்தை 1940 வரை வாழ்ந்தார். மகன் பரிசு பெற்றதைப் பார்த்தார். இருவரையும் ஒரே தாம்சனாக எண்ணும் மாணவருக்கு இந்த அதிசயம் முழுவதும் மறைந்துபோகிறது. துகள் என்றவரே பின்னர் மனம் மாறி அலை என்றார் போலும் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

வாயுக்களின் வழியே மின்சாரம் பாய்வதைப் பற்றித் தந்தை 1903-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் மூன்றாம் பதிப்பு 1928-இலும் 1933-இலும் இரு தொகுதிகளாக வந்தபோது, அட்டையில் இரு தாம்சன்களும் இடம்பெற்றனர். எனவே எந்தப் பதிப்பு என்பதையும் பார்க்க வேண்டும். தந்தை தம் நினைவுக் குறிப்புகளை 1936-இல் எழுதினார். தந்தையையும் காவண்டிஷ் ஆய்வகத்தையும் பற்றி மகன் எழுதிய நூல் 1964-இல் வெளிவந்தது. முன்னதில் தாம்சன் தம்மைப் பற்றியே பேசுகிறார். பின்னதில் ஒரு தாம்சனைப் பற்றி மற்றொரு தாம்சன் பேசுகிறார்.

ஜே. ஜே. தாம்சனின் வாழ்க்கை வரலாறு இன்னொன்றும் உண்டு, 1942-இல் வந்தது. ஆசிரியர் பெயர் ராலே பிரபு. வானம் ஏன் நீலம் என்பதை விளக்கியவரும், ஆர்கான் வாயுவைக் கண்டவரும், காவண்டிஷ் பதவியில் தாம்சனுக்கு முன்னவருமான ராலேயா இதை எழுதினார்? ஆண்டைப் பாருங்கள். அவர் 1919-இலேயே இறந்துவிட்டார். எழுதியவர், தந்தைக்குப் பின் அதே பட்டத்தைப் பெற்ற மகன் ராபர்ட் ஸ்ட்ரட், நான்காவது ராலே பிரபு. அவரும் இயற்பியல் அறிஞரே. தம் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை 1924-இல் எழுதியவரும் அவர்தாம்; அந்நூலில் ஆசிரியரும் ராலே, கதைத் தலைவரும் ராலே.