பதினெட்டாம் எண் ஸ்குவாட்ரன்

போர் விமானங்களைப் பற்றிப் பேசும்போது மிக், மிராஜ், ஜாகுவார் என்று விமானத்தின் பெயரைத்தான் நாம் சொல்கிறோம். விமானப் படையில் பணி செய்பவர்களோ தங்கள் ஸ்குவாட்ரனின் எண்ணைச் சொல்வார்கள். விமானம் பழசாகும், கழிக்கப்படும், அதன் இடத்தில் வேறொன்று வரும். எண் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

ஸ்குவாட்ரன் என்பது ஏறத்தாழ பதினாறு முதல் பதினெட்டு போர் விமானங்களும், அவற்றை ஓட்டும் விமானிகளும், பழுது பார்த்துப் பறக்க வைக்கும் தொழில்நுட்ப வீரர்களும் சேர்ந்த ஒரு குடும்பம். அதற்கென்று ஓர் எண், ஒரு சின்னம், ஒரு குறிக்கோள் வாசகம் உண்டு. 1965 ஏப்ரல் 15 அன்று பிறந்த 18-ஆம் எண் ஸ்குவாட்ரனின் பட்டப்பெயர் 'பறக்கும் தோட்டாக்கள்'. அதன் வாசகம் 'தீவ்ர அவுர் நிர்பய்', அதாவது வேகமும் அச்சமின்மையும்.

அதன் முதல் விமானம் ஞாட். கொசு போன்ற ஒரு சிறு பூச்சியின் ஆங்கிலப் பெயர் அது. போர் விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகி, விலையும் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், சிறியதாக, சிக்கனமாக ஒன்றைச் செய்யலாம் என்று பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் பெட்டர் நினைத்தார். பிரிட்டிஷ் விமானப் படை அதைப் பயிற்சி விமானமாக மட்டுமே ஏற்றுக்கொண்டது. இந்தியாவோ அதைப் போர் விமானமாகவே ஏற்று, உரிமம் பெற்றுப் பெங்களூரில் தயாரித்தது. நீளம் ஒன்பது மீட்டர்கூட இல்லை. இறக்கையின் அகலம் 6.7 மீட்டர். சிறியதாக இருந்ததால் எதிரியின் கண்ணில் எளிதில் படவில்லை. சட்டென்று திரும்பவும் முடிந்தது. பீரங்கி அடைத்துக்கொள்வது போன்ற தொல்லைகளும் இருந்தன. ஆனாலும் 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தி, 'சேபர் கொல்லி' என்று பெயர் வாங்கியது.

18-ஆம் ஸ்குவாட்ரனின் பெரிய சோதனை 1971-இல் ஸ்ரீநகரில் வந்தது. 1949-ஆம் ஆண்டின் போர் நிறுத்த உடன்பாட்டை மதித்து அதுவரை அங்கே போர் விமானங்களை நிறுத்தியதில்லை. உயரமான இடம், கடுங்குளிர், சுற்றிலும் மலைகள். எல்லாம் விமானிகளுக்குப் புதிது. டிசம்பர் 14 காலையில் ஆறு சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் விமான தளத்தின் மீது குண்டு வீசின. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்தே இரண்டு ஞாட்கள் கிளம்பின. இரண்டாவதை ஓட்டியவர் ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் சேக்கோன். முதல் விமானத்தோடு தொடர்பு விட்டுப் போக, அவர் தனியாகவே போரிட்டார். இரண்டு சேபர்களைத் தாக்கினார். மற்றவை அவரைச் சூழ்ந்துகொண்டன. அவருடைய ஞாட் சுடப்பட்டு விழுந்தது, அவரும் உயிரிழந்தார். மூன்றே நாளில், டிசம்பர் 17-இல், போர் ஓய்ந்தது. இதுவரை பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரில் விமானப் படையைச் சேர்ந்தவர் அவர் ஒருவரே. ஸ்ரீநகரில் முதலில் இறங்கிப் பணியாற்றிய ஸ்குவாட்ரனுக்குக் 'காஷ்மீர் பள்ளத்தாக்கின் காவலர்கள்' என்ற பெயரும் கிடைத்தது.

பின்னர் வந்தது மிக்-27. ஞாட் வானத்தில் எதிரியோடு மோதும் விமானம்; மிக்-27 தாழப் பறந்து தரை இலக்குகளைத் தாக்கும் விமானம். சோவியத் வடிவமைப்பில் நாசிக்கில் தயாரானது. வேகத்துக்கு ஏற்ப இறக்கைகளைப் பின்னால் மடக்கிக்கொள்ளும். விமானம் மாறியதும் ஸ்குவாட்ரனின் தொழிலே மாறியது. எண்ணும் வாசகமும் மாறவில்லை.

2015 நவம்பரில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி இந்த ஸ்குவாட்ரனுக்குக் கௌரவக் கொடி வழங்கினார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 2016 ஏப்ரல் 15 அன்று, சரியாக அதன் 51-ஆவது பிறந்த நாளில், ஸ்குவாட்ரன் முடக்கி வைக்கப்பட்டது. இதை விமானப் படையில் 'நம்பர் பிளேட்' செய்வது என்பார்கள். வீரர்கள் வேறு பிரிவுகளுக்குப் போய்விடுவார்கள். கொடியும் நினைவுப் பொருள்களும் பத்திரமாக வைக்கப்படும். புதிய விமானம் வந்தால் எண் மறுபடி எழும். வராவிட்டால் உறக்கம்தான்.

இந்த எண் உறங்கியது நான்கு ஆண்டுகள். 2020 ஏப்ரல் 1 அன்று கோயம்புத்தூரை அடுத்த சூலூரில், நம் கொங்கு மண்ணில், அது மீண்டும் உயிர் பெற்றது. மே 27 அன்று விமானப் படைத் தளபதி பதௌரியா அதைப் பணியில் சேர்த்து வைத்தார். இந்த முறை கிடைத்த விமானம் தேஜஸ். ஞாட் பிரிட்டிஷ் வரைபடத்தில் பிறந்தது, மிக் சோவியத் வரைபடத்தில் பிறந்தது. தேஜஸ் நம்மவர்களே வரைந்தது. எஞ்சின் அமெரிக்காவினுடையது. உடலின் பெரும்பகுதி கரிம இழையால் ஆனது. சுறுசுறுப்பாகத் திரும்புவதற்காகவே நிலையற்றதாக வடிவமைத்து, கணிப்பொறிகளின் உதவியால் அதை நேராகப் பறக்க வைக்கிறார்கள். 1983-இல் அனுமதி கிடைத்த திட்டம் இது. முதன்முதலாகப் பறந்தது 2001 ஜனவரி 4-இல்தான்.

இந்தத் தாமதத்தின் விலை என்ன என்பதை எண்கள் சொல்லும். விமானப் படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் ஸ்குவாட்ரன்கள் 42. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தபோது எஞ்சியவை 29. தொழிற்சாலையிலிருந்து விமானம் வரத் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும், இப்படி வரலாறுள்ள எண்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

டில்லியில் வசிப்பவர்களும் டில்லிக்கு வருபவர்களும் பாலம் விமானப் படை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லலாம். அங்கே ஒரு ஞாட் நிற்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு சிறியது என்பது தெரியும். தேசியப் போர் நினைவிடத்தில் சேக்கோனின் மார்பளவுச் சிலையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.